அப்பா பாடின வில்லுப்பாட்டுக்கு யாரோ உரிமை கேட்குறாங்க, என்ன செய்யலாம்?

தோவாளைக்காரி · 4 மே, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசிக்க மட்டும்தான் வந்திருக்கேன். இன்னைக்கு உதவி கேட்டு எழுதுதேன்.

எங்க அப்பா வில்லுப்பாட்டுப் புலவர். தோவாளை, பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி பக்கம் கோயில் கொடை விழா பாத்து வளந்தவங்களுக்கு அவங்க குரல் தெரிஞ்சிருக்கும். 2021ல தவறிட்டாவ. இப்ப என் தம்பி வில்லை அடிக்குத வீசுகோலைப் பிடிச்சிருக்கான், நான் இடப்பக்கம் இருந்து அவன் பாடுத வரியைத் திருப்பி ஏத்துப் பாடுதேன்.

பிரச்சினை ரெண்டு.

ஒண்ணு: போன வருஷம் ஆடியில ஒரு முத்தாரம்மன் கொடையில பாடினோம். மச்சான் மிக்சர்ல இருந்தே நேரா லைன் எடுத்து ரெக்கார்டு பண்ணினான். அதுல 12 நிமிஷத்தை மட்டும் வெட்டி அப்பவே எங்க யூடியூப் சேனல்ல போட்டோம். போன வாரம் முழுசும், 3 மணி நேரம் 10 நிமிஷம், ஏத்தினோம். மறுநாளே உரிமைக் கோரிக்கை வந்துட்டு. ஏதோ ஒரு பக்திப் பாடல் ஆல்பத்தோட பொருந்துதாம். விளம்பரத்துல வாற காசெல்லாம் அவங்களுக்குப் போகுமாம்.

ரெண்டு: 1988ல அப்பா ஒரு கேசட் கம்பெனிக்குத் தோட்டுக்காரி அம்மன் கதை பாடிக் கொடுத்தாவ. ஒரே ராத்திரி. ஆறு பேருக்கும் சேத்து 1,500 ரூபா. கேசட் அட்டையில அம்மன் படம் உண்டு, கம்பெனி பேரு உண்டு, பாடினவங்க பேரு ஒண்ணுகூட இல்ல. அப்பா திவசத்தன்னைக்கு அந்த கேசட்டைக் கம்ப்யூட்டர் கோப்பா மாத்தி ஏத்தினேன். அரைமணி நேரத்துல தடை பண்ணிட்டாவ.

எங்க வீட்டுல வச்சுப் பாடிப் பாடிப் பழகின கதை இது. யார்கிட்ட போய் அனுமதி கேக்கணும்?

மைக்செட் மார்த்தாண்டம் · 4 மே, இரவு 9.48

தங்கச்சி, முதல்ல ஒண்ணு கேக்கேன். கொடையில சாமி கும்பிடப் போற இடைவேளையில மைக்செட்டுக்காரரு சினிமாப் பாட்டு போட்டாரா? 40 விநாடி பின்னாடி ஓடினாலும் போதும், மெஷின் பிடிச்சிரும். நான் 22 வருஷமா சவுண்ட் சர்வீஸ். கல்யாண வீடியோக்காரங்க இதால படுத பாடு எனக்குத் தெரியும்.

தோவாளைக்காரி · 4 மே, இரவு 9.55

இல்லண்ணே. லைன்ல எடுத்ததால வில்லு, குடம், உடுக்கு, எங்க குரல், இவ்வளவுதான் அதுல உண்டு. 1 மணி 42 நிமிஷத்துல இருந்து 1.54 வரைன்னு காட்டுது.

மைக்செட் மார்த்தாண்டம் · 4 மே, இரவு 10.02

அப்ப அந்த ஆல்பத்தைத் தேடிப் பிடிச்சு ஹெட்போன் போட்டுக் கேளு. இப்பவே கேளு.

தோவாளைக்காரி · 4 மே, இரவு 11.31

கேட்டேன். கை நடுங்குது.

அது நாங்கதான். தம்பி தொண்டையைச் செருமுத இடம் இருக்கு. கமிட்டிக்காரர் மைக்ல "வெடி போடுதவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்னது பாதி வெட்டுப்பட்டு இருக்கு. ஒரு இடத்துல நான் அரைத் தாளம் தாமசமா ஏத்தெடுத்தேன். அந்தத் தப்பு எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். அதுவும் அப்படியே இருக்கு. நாங்க அப்ப போட்ட அதே 12 நிமிஷம். மேல கொஞ்சம் எதிரொலி சேத்து, ஒரு அம்மன் படம் ஒட்டி, எவரோ ஆல்பம்னு விட்டிருக்காவ. 'பாடியவர்' இருக்குத இடத்துல கம்பெனி பேரு.

எங்க பாட்டை எங்கிட்ட இருந்து எடுத்து, எங்க மேலயே கோரிக்கை போட்டிருக்காவ.

பழையாறு · 5 மே, காலை 7.10

நான் நாகர்கோவிலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறேன். இந்த மாதிரி மூன்று விவகாரம் பார்த்துவிட்டேன். பதற்றப்படாதீர்கள் அம்மா. உங்கள் ரெண்டு பிரச்சினையும் வேறு வேறு, ரெண்டையும் கலக்கக்கூடாது.

முதலாவது சுத்தமான திருட்டு. யூடியூபில் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்று ஒரு ஏற்பாடு உண்டு. வேறு தளங்களிலும் இதே மாதிரி இருக்கிறது. ஒரு கம்பெனி தன் ஒலிக்கோப்பைக் கொடுத்து வைத்தால், புதிதாக ஏறும் எல்லாவற்றையும் மெஷின் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். முதலில் பாடியவர் யார் என்று மெஷின் கேட்காது. முதலில் பதிந்து வைத்தவர் யார் என்றுதான் பார்க்கும். பாட்டுகளை இணையக் கடைகளுக்கு அனுப்பும் விநியோகஸ்தர் மூலம் கோப்பு கொடுத்தவர் உள்ளே போய்விட்டார். நீங்கள் வெளியே நிற்கிறீர்கள்.

மறுப்புப் போடுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். சொல்லாவிட்டால் கோரிக்கை தானாக விழுந்துவிடும். கோரிக்கை வந்த ஐந்து நாளுக்குள் மறுத்தால் இடைப்பட்ட வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். அதனால் இன்றைக்கே போடுங்கள். அந்த 12 நிமிஷத்தை ஏற்றிய தேதி, மச்சானின் மூலக் கோப்பு, வெடி அறிவிப்பு வருகிற நிமிஷக் கணக்கு, மூன்றையும் எழுதுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவில் பாடுகிறவருக்கு, வாசிக்கிறவருக்கு, ஆடுகிறவருக்கு என்று தனி உரிமை உண்டு, 50 வருஷம். ஒலிப்பதிவு உரிமை அதை எடுக்க ஏற்பாடு செய்தவருக்கு, 60 வருஷம். அடிப்படையில்லாமல் உரிமை கேட்டு மிரட்டினால் 60ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்டே வழக்குப் போடலாம்.

ரெண்டாவது பிரச்சினை கடினம். சாயங்காலம் எழுதுகிறேன்.

தோஹா நாஞ்சிலான் · 5 மே, காலை 10.40

இங்க வெள்ளிக்கிழமை லீவு நாள்ல ரூம்ல நாங்க எட்டுப் பேரும் உக்காந்து கேக்குதது ஊர்க் கொடைப் பாட்டுதான். அக்கா, அந்த ஆல்பத்தை நானும் கேட்டிருக்கேன். யாரு பாடினதுன்னு தெரியாமலே கேட்டிருக்கேன். மன்னிச்சிருங்க.

ரெக்கார்டிங் ரூம் · 5 மே, மதியம் 1.15

அக்காவுக்கு நடந்தது அநியாயம். ஆனா இந்த இழை போற போக்குல "பாட்டு எல்லாருக்கும் சொந்தம், காப்பிரைட்டே வேண்டாம்" என்று முடிஞ்சிரக் கூடாதுன்னு எழுதுதேன்.

நான் கிறிஸ்தவப் பாடல் ஆல்பம் பண்ணுதவன். கருங்கல் பக்கம் சின்ன ஸ்டுடியோ. ஒரு பாட்டுக்கு வயலின், கீபோர்டு, கோரஸ், மிக்சிங் என்று கைக்காசு போட்டு, வட்டிக்கு வாங்கியும் போட்டு எடுக்கோம். கிறிஸ்துமஸ் சீசன்ல விக்குததுதான் வருஷச் சாப்பாடு. வெளியான அன்னைக்கே பென் டிரைவுல ஏத்தி 500 பாட்டோட சேத்து வித்தாவ. எங்கிட்ட வாசிச்ச வயலின்காரருக்குப் பேசின காசை நான் எட்டு மாசம் கழிச்சுத்தான் கொடுத்தேன். அவரு முகத்தைப் பாக்க முடியாம வேற ரோட்டுல சுத்திப் போயிருக்கேன். நான் பிழைச்சது இதே மெஷின் வந்த பிறகுதான். உரிமை சின்ன ஆளுக்கும் வேணும். அக்காவுக்கும் அதுதான் கைகொடுக்குது, பாருங்க.

கடலோரத்தான் · 5 மே, மாலை 4.30

அண்ணாச்சி சொல்லுதது நியாயம். எங்க கதையையும் கேளுங்க.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்க தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் எத்தனை வீட்டுல ஆள் திரும்பலன்னு இங்க உள்ளவங்களுக்குச் சொல்ல வேண்டாம். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தோம். அன்னைக்கு ராத்திரி நேரம் போகப் போகப் பிள்ளைங்க அழ ஆரம்பிச்சுட்டு. எங்க தெருவுல உள்ள ஒரு அக்கா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சினிமா மெட்டுல, கடல்ல தேடப் போகச் சொல்லி, அவளே வரி கட்டிப் பாடினா. ரெண்டாவது தடவை சுத்தி இருந்தவங்க அவ்வளவு பேரும் கூடவே பாடினாவ.

பிறகு அதையே இளைஞர் இயக்கத்துல கரோக்கி வச்சு ரெக்கார்டு பண்ணி வெளியிட்டோம். அடுத்த வருஷ நினைவு நாளுக்கு முந்தின நாள் வீடியோவுல சத்தம் இல்ல. படம் ஓடுது, வாய் அசையுது, குரல் இல்ல. மகனை இழந்த அம்மா பேசுத இடமும் சேந்து போச்சு, பின்னாடி அதே இசை ஓடினதால.

கரோக்கி எங்களுக்குச் சொந்தமில்ல, ஒத்துக்குதேன். ஆனா அந்தம்மா குரல் யாருக்குச் சொந்தம்?

பழையாறு · 5 மே, இரவு 8.05

கடலோரத்தான், உங்கள் கேள்விக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. 52ஆம் பிரிவில் விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு உண்டு. மதச் சடங்கில் பாடுவதற்கும், கல்யாண ஊர்வலத்தில் போடுவதற்கும் விதிவிலக்கு உண்டு. கல்யாண வீட்டில் காசு கேட்கக்கூடாது என்று 2023ல் மத்திய அரசே அறிவிப்பு விட்டது. ஆனால் கொடையிலோ கோயில் திருவிழாவிலோ பாடுவதற்குள்ள விதிவிலக்கு, அதைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவதற்கும் செல்லும் என்று நம்பி இறங்க முடியாது. போராட்டப் பாட்டுக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் எழுதப்படவில்லை. தளத்து மெஷினோ சட்டத்தை வாசிப்பதே இல்லை.

இப்போது தோவாளையம்மாவின் கேசட். 1988ல் வெளியான ஒலிப்பதிவு. உரிமை தயாரித்த கம்பெனிக்கு, 2048 முடிகிற வரை. அப்பா பாடியிருந்தாலும் ஒலிப்பதிவு அவர்களுடையதுதான். பாடகர் உரிமை கேட்கலாமா என்றால், அந்த உரிமையே 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. 1988 ராத்திரியில் பாடிய ஆறு பேருக்கும் பாடகர் என்ற முறையில் சட்டத்தின் கண்ணில் எந்த உரிமையும் கிடையாது. எனக்கும் இதை எழுத மனசு வரவில்லை.

ஒரே ஒரு வழி தெரிகிறது. அப்பா பாடின வரிகள் எங்கிருந்து வந்தவை? பழைய ஏட்டில் உள்ளபடியேவா, சொந்தமாகக் கட்டினதா?

தோவாளைக்காரி · 5 மே, இரவு 8.40

கதை ஊருக்குத் தெரிஞ்ச கதை. பாட்டாகிட்ட ஓலை இருந்துச்சு, கரையான் தின்னது போக மிச்சம் கொஞ்சம். ஆனா அப்பா அப்படியே பாட மாட்டாவ. நோட்டு உண்டு. 80 பக்க கோடு போட்ட நோட்டு ஏழு இருக்கு. நீல மையில எழுதி, ஒவ்வொரு கொடைக்கும் சிவப்பு மையில அடிச்சுத் திருத்தி, ஓரத்துல ஊர்ப் பேரும் தேதியும் போட்டிருப்பாவ. "இங்க குடம் நிக்கணும்", "இங்க ஜனம் அழும், பைய போ" என்றெல்லாம் எழுதி இருக்கு. தோட்டுக்காரி கதை மூணாவது நோட்டு. அதுல 1986ல பாடின தேதி இருக்கு.

பழையாறு · 5 மே, இரவு 8.58

அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கே எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கள்.

கதை பொதுச்சொத்து. ஆனால் அப்பா கட்டின வரிகள் அவருடைய படைப்பு. அதற்கு உரிமை அவர் ஆயுள், அதற்கு மேல் 60 வருஷம். அந்த உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சும் 1,500 ரூபாயும் போதாது. அப்பா கையெழுத்துப் போட்டாரா?

அது மட்டுமில்லை. 57ஆம் பிரிவு, 'இது என் படைப்பு' என்று பெயர் கேட்கும் உரிமை. இது 1957 சட்டத்திலேயே இருக்கிறது, 1988ஐ இது தொடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு வாரிசுகளும் இதைக் கேட்கலாம். கம்பெனி கேசட்டை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அப்பாவின் பெயரைப் போடச் சொல்லி நீங்கள் கேட்கலாம்.

தோவாளைக்காரி · 5 மே, இரவு 9.03

அம்மாகிட்ட கேட்டேன். ஒரு வவுச்சர்ல மட்டும் கையெழுத்து வாங்கினாவளாம், ரூபா வாங்கினதுக்கு. அம்மா அழுதுட்டு இருக்கா. பிறகு வாறேன்.

ஏட்டுச்சுவடி · 6 மே, காலை 6.30

ராத்திரி முழுக்க இந்த இழையைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். நாட்டார் வழக்காறு படிப்பிக்கிற வேலை எனக்கு. ரெண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

பாட்டுக்கு உரிமை கேட்டு மக்கள் திரண்டது நமக்குப் புதிதில்லை. பாரதி 1921ல் இறந்தார். அப்போதைய சட்டப்படி அவர் பாட்டு 1971 வரை தனியார் சொத்தாகவே இருந்திருக்கும். இசைத்தட்டு உரிமை ஏ.வி. மெய்யப்ப செட்டியார் கையில் இருந்தது. விடுதலைக்குப் பாடின கவிஞரின் பாட்டை நாடகத்திலும் சினிமாவிலும் பாட அனுமதி கேட்க வேண்டிய நிலை. எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ச்சி செய்தார்கள். மெய்யப்ப செட்டியார் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1949ல் சென்னை மாகாண அரசு உரிமையைக் கையில் எடுத்து, பிறகு மக்களுக்கே கொடுத்தது. நம் தேரூர் கவிமணி 1954ல் மறைந்தார். 2015 பிறந்ததிலிருந்து அவர் பாட்டை யாரும் யாரையும் கேட்காமல் பாடலாம். அமெரிக்காவில் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டுக்கே ஒரு கம்பெனி பல வருஷம் காசு வாங்கியது. அந்த உரிமை செல்லாது என்று 2015ல் நீதிமன்றம் சொன்னது, அடுத்த வருஷம் 1.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கேட்டால் கிடைக்கிறது, கேட்க ஒரு ஆள் வேண்டும்.

ரெண்டாவது, கொஞ்சம் கசப்பானது. அம்மா, முழுக் கொடையையும் ஏற்றியதாகச் சொன்னீர்கள். சாமி ஆடி வருகிற இடத்துப் பாட்டும் அதில் உண்டா? அதைக் கோயில் முற்றத்துக்கு வெளியே பாடக்கூடாது என்று சொல்கிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் உங்களுக்கு உரிமை கொடுத்தாலும் ஊரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தோவாளைக்காரி · 6 மே, காலை 8.15

உண்டு சார். கேக்கல. கமிட்டிக்கு வீடியோ போடப் போறோம்னு மட்டும் சொன்னோம். நீங்க சொன்னது எனக்கு உறைச்சுது. பூசாரி தாத்தாவை இன்னைக்கே போய்ப் பாக்கேன்.

தோஹா நாஞ்சிலான் · 6 மே, மதியம் 12.20

கடலோரத்தான் அண்ணனுக்கு: 2015ல கொடைக்கானல் பாதரசத் தொழிற்சாலைக்கு எதிரா சென்னைப் பொண்ணு ஒருத்தி ராப் பாடினது ஞாபகம் இருக்கா? அதுவும் ஒரு அமெரிக்கப் பாட்டு மெட்டுதான். உலகம் முழுக்கப் போச்சு, அடுத்த வருஷமே 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி சமரசத்துக்கு வந்துட்டு. தொழிலாளிங்க எத்தனையோ வருஷம் போராடினதுதான் காரணம், ஆனா அந்தப் பாட்டு எல்லார் காதுலயும் கொண்டு போய்ச் சேத்துது. தெரிஞ்ச மெட்டுக்குத்தான் அந்த வேகம். நீங்க எடுத்தது தப்பு இல்ல.

கடலோரத்தான் · 6 மே, மாலை 5.10

தம்பி, தெரிஞ்ச மெட்டு வேகமா ஓடும், சரி. ஆனா திறவுகோல் வேற ஒருத்தன் கையில. எங்களுக்கு அது ஒருதடவை போதும்.

கிள்ளியூர் தாலுகாவுல 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்க வாறாவன்னு தெரிஞ்சதும் மறுபடி பாட்டு வேணும்னு உக்காந்தோம். இந்தத் தடவை சினிமா மெட்டு தொடல. கரையில நின்னு கரமடி வலை இழுக்கும்போது பெரியவங்க ஏலேலோ போடுவாவல்லா, அந்த நடையை எடுத்து நாங்களே மெட்டுக் கட்டினோம். மேளத்துக்குப் பதிலா வள்ளத்துப் பலகையில துடுப்பால தட்டினது. வெளியிடும்போதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டோம். பேரைச் சொல்லி யாரும் பாடலாம், மாத்தலாம், ஆனா மாத்தினதையும் இதே மாதிரி எல்லாருக்கும் விடணும். இனயம் ஊர்ல ஒரு வரி சேத்தாவ, கொல்லங்கோட்டுல ரெண்டு வரி சேத்தாவ. எவராலும் பூட்ட முடியல.

ரெக்கார்டிங் ரூம் · 6 மே, மாலை 6.00

வணிகத்துக்குக் கூடாதுன்னு போட்டிருக்கலாமே? நாளைக்கு அதை ஒரு கம்பெனி ஆல்பமா விட்டா? அந்த உரிமம் ஒருதடவை கொடுத்தா திரும்ப வாங்க முடியாது, தெரியுமா?

கடலோரத்தான் · 6 மே, மாலை 6.22

தெரியும் அண்ணாச்சி. ரெண்டு ராத்திரி அதைப் பேசியே விடிஞ்சுது. மீன்சந்தையில மைக் வச்சுப் பாடி உண்டியல் குலுக்கினா அது வணிகமா இல்லையான்னு எங்களுக்கே தெரியல. அதனாலதான் அந்தப் பூட்டை வேண்டாம்னு வச்சோம். நீங்க வட்டிக்கு வாங்கிப் போட்ட பாட்டு வேற. இது போராட்டத்துக்குக் கட்டின பாட்டு, ஊரு ஊராப் போகணும்.

ரெக்கார்டிங் ரூம் · 6 மே, இரவு 9.40

யோசிச்சுப் பாத்தேன். சரிதான். ஒரு உதவி செய்யுதேன். அடுத்த பாட்டை எங்க ஸ்டுடியோவுல வந்து எடுங்க, காசு வேண்டாம். மூல ஒலிக்கோப்பு தேதியோட உங்க கையில இருக்கணும். இல்லன்னா தோவாளை அக்காவுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

தோவாளைக்காரி · 6 ஜூன், இரவு 8.30

ஒரு மாசமாச்சு. நடந்ததைச் சொல்லுதேன்.

அந்த ஆல்பக்காரங்க பதிலே சொல்லல. 30 நாள் முடிஞ்சு நேத்து கோரிக்கை விழுந்துட்டு. நிறுத்தி வச்ச வருமானம் எங்களுக்கு வரும். ஆல்பத்தை எடுக்கச் சொல்லி விநியோகஸ்தருக்கு எழுதினோம், வெடி அறிவிப்பு வாற இடத்தையும் நான் தாமசமா ஏத்தெடுத்த இடத்தையும் நிமிஷம் விநாடி போட்டுக் காட்டினோம். நாலு இணையக் கடையில எடுத்தாச்சு, ஒண்ணுல இன்னும் இருக்கு.

பூசாரி தாத்தா முழுசும் கேட்டாரு. சாமி வாற இடம் 22 நிமிஷத்தை எடுத்துரச் சொன்னாரு. எடுத்துட்டோம். மத்ததைப் போடச் சொன்னாரு, ஊர் பேரையும் போடச் சொன்னாரு.

கேசட் கம்பெனிக்கு நோட்டீஸ் எழுதியாச்சு. பழையாறு அண்ணன் பாத்துத் தந்தாவ. காசு கேக்கல. ரெண்டுதான் கேட்டிருக்கோம்: அப்பா பேரு 'பாடல் ஆக்கம்' என்று வரணும், ஆறு பேர் பேரும் 'பாடியவர்கள்' என்று வரணும். மூணாவது நோட்டுப் பக்கங்களை இணைச்சிருக்கோம்.

ஆறு பேருல நாலு பேரு பேரு அம்மாவுக்குத் தெரியும். உடுக்கு அடிச்சவரும் தாளம் போட்டவரும் யாருன்னு தெரியல. அம்மா சொல்லுதா, உடுக்குக்காரர் மேற்கே இருந்து பஸ்ல வந்தவராம், ராத்திரி ரெக்கார்டிங் முடிஞ்சு எங்க திண்ணையில படுத்து, விடியக்காலம் கட்டன்சாயா குடிச்சிட்டுப் போனாராம். இங்க யாருக்காவது தெரியுமா? கேசட்டுல 14ஆவது நிமிஷம் உடுக்கு மட்டும் தனியா வாற இடத்தை வெட்டி அனுப்புதேன், கேட்டுப் பாருங்க.

மைக்செட் மார்த்தாண்டம் · 6 ஜூன், இரவு 9.15

தங்கச்சி, அனுப்பினதைக் கேட்டேன். வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்க வச்சேன்.

அது எங்க பெரிய மாமா. மூணு அடிச்சு ஒண்ணு விட்டு, கயித்தை இறுக்கி ஒரு இழுப்பு இழுப்பாரு. மாவட்டத்துல அவரைத் தவிர யாரும் அப்படி அடிச்சதில்ல. 1996ல தவறிட்டாரு. ரெக்கார்டிங்குக்குப் போனதா அவரு வீட்டுல சொன்னதே இல்ல. அத்தை இருக்கா, கேட்டுட்டு ஒண்ணுமே பேசாம உக்காந்திருக்கா.

பேரை இங்க போட வேண்டாம், உனக்குத் தனியா அனுப்புதேன்.

தோவாளைக்காரி · 6 ஜூன், இரவு 9.21

அனுப்புங்கண்ணே. இனிஷியல், ஊர்ப்பேரு எல்லாம் அத்தைகிட்ட கேட்டு அவங்க சொல்லுதபடியே எழுதுங்க. நோட்டீஸ் திங்கக்கிழமை போகுது, அதுக்குள்ள சேத்திருதேன்.

தாளம் போட்டவரு யாருன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. இழை திறந்தே இருக்கட்டும்.